பிள்ளை பார்க்கப் போகும் சகோதரிகளுக்கு: தனியாக விளையாட விடலாமா?



இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம் பக்கம் இருந்து தினமும் காலையில் டவுன்ஷிப்புக்குள் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குழுக் கூட்டத்தில் வரவு செலவு முடிந்து கிளம்பும் நேரத்தில் இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டு விதமான குறை வரும். ஒரு வீட்டில், "ஆயாம்மா புள்ளயத் தரையில விட்டுட்டு சும்மா உக்காந்திருக்காங்க, இதுக்கா சம்பளம்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்கிறார். இன்னொரு வீட்டில், "நாள் பூரா இடுப்புலயே வெச்சுப் பழக்கிட்டீங்க, ராத்திரி எங்க கையில இருந்து இறங்கவே மாட்டேங்குறான்" என்கிறார்கள். தரையில் விட்டாலும் குற்றம், தூக்கினாலும் குற்றம் என்றால் நாம் என்னதான் செய்வது? பிள்ளையை எவ்வளவு நேரம் தானாக விளையாட விடலாம், எப்போது விடக்கூடாது, அந்த நேரத்தில் நம் வேலை என்ன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் தெருவில் இந்தக் கேள்வியே எழுவது இல்லை. வாசலில் பத்துப் பிள்ளைகள் மண்ணைக் கொட்டி விளையாடும்போது நடக்கத் தெரிந்த பிள்ளை தானாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. பெரிய அக்கா ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். குவார்ட்டர்ஸில் அப்படி இல்லை. ஒரு வீடு, முன்னும் பின்னும் தோட்டம், சுற்றி வேலி, உள்ளே ஒரே ஒரு பிள்ளை, அதற்கு ஒரு ஆயா. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் உள் அறையில் தூங்குவார். பிள்ளை அழுதால் அவர் எழுந்துவிடுவார். அதனால் சத்தமே வரக்கூடாது என்று பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே காலையில் இருந்து சாயங்காலம் வரை நடக்கிறோம். இல்லாவிட்டால் கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். இரண்டும் வேறு வேறு போலத் தெரியும். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அதன் கையும் காலும் அதற்கு என்று வேலை செய்வதில்லை.

ஒரு எட்டு மாதப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைக்கிறது. முதலில் வாயில் வைக்கும். பிறகு தரையில் தட்டும். சத்தம் வந்ததும் நிறுத்தி நம் முகத்தைப் பார்க்கும். மறுபடி தட்டும். பாயில் தட்டினால் சத்தம் இல்லை, தரையில் தட்டினால் சத்தம் வருகிறது. அது உருண்டு ஓடினால் வயிற்றால் நகர்ந்து போய் எடுக்கப் பார்க்கும். எட்டவில்லை என்றால் முனகும். இந்த இடத்தில்தான் நாம் பாசத்தில் ஓடிப்போய் டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் அதுவே எட்டி எடுத்திருக்கும். எடுத்ததும் அதன் முகத்தில் வரும் சிரிப்பு நாம் கொடுத்து வருவதில்லை. முனகல் வேறு, அழுகை வேறு. முனகலுக்குப் பொறுக்கலாம். அழுகைக்குப் பொறுக்கக் கூடாது.

இதெல்லாம் படித்தவர்கள் சொல்லும் புதுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று முதல் ஏழு பருவம் வரை தாயோ செவிலியோ பக்கத்தில் இருந்து கொஞ்சுவது, தாலாட்டுவது, கூப்பிடுவது. ஆண் பிள்ளைக்குக் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல்வீடு, சின்னப் பறை, சின்னத் தேர் என்று பிள்ளை தானே ஓடி ஆடும் பருவம். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவதுதான் வளர்வது என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கூலிக்குப் பிள்ளை பார்க்கும் பெண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு டாக்டரம்மா இருந்தார். பெயர் எம்மி பிக்லர், ஹங்கேரி நாட்டுக்காரர், குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946இல், அந்த நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் லோட்சி என்ற தெருவில் பெற்றோர் இல்லாத கைக்குழந்தைகளுக்காக ஒரு இல்லத்தை நடத்தத் தொடங்கினார். அங்கே இருந்த குழந்தைகள் பலர், பார்த்துக்கொள்ளும் பெண்களோ சிலர். எல்லாப் பிள்ளையையும் நாள் முழுக்கத் தூக்கிவைத்துக்கொள்ள முடியாது. அவர் வைத்த முறை இதுதான். குளிப்பாட்டும்போது, சாப்பாடு ஊட்டும்போது, துணி மாற்றும்போது அவசரமே கூடாது. அந்த நேரம் முழுக்க அந்த ஒரு பிள்ளைக்குத்தான். "இப்ப கையத் தூக்கப் போறேன்" என்று சொல்லிச் செய்ய வேண்டும். அப்படி மனம் நிறைந்த பிள்ளையைப் பத்திரமான இடத்தில் தரையில் விட்டுவிட வேண்டும், அது தானாக விளையாடும். உட்காரத் தெரியாத பிள்ளையைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைப்பது, நிற்காத பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது எல்லாம் வேண்டாம், புரண்டு தவழ்ந்து அதுவே வரட்டும் என்றார்.

நம் ஊரில் முதல் பாதியை நாம் நன்றாகச் செய்கிறோமா என்று பார்த்தால், எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஊட்டும்போது டிவி ஓடுகிறது. குளிப்பாட்டும்போது அடுத்த வேலையில் மனது. பிறகு பிள்ளை தனியாக விளையாடவில்லை, பின்னாலேயே வருகிறது என்கிறோம். வயிறு நிறையாத பிள்ளை தூங்காது என்று தெரிந்த நமக்கு, மனம் நிறையாத பிள்ளை விளையாடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் மரியா மாண்டிசோரி அம்மையார், இத்தாலி நாட்டு டாக்டர். இவர் பெயரைப் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். 1907இல் ரோம் நகரில் கூலி வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோர் குடியிருந்த பகுதியில் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தும் பார்த்தார், அவள் நிமிரவில்லை. இந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் நேரத்தில் நம் கொடைக்கானலிலும் சில வருடம் இருந்தார். அவரிடம் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பிள்ளை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது, நல்ல எண்ணத்தில்கூட, கலைக்கக் கூடாது. "அடடே, என் தங்கம் என்ன பண்ணுது?" என்று நாம் குரல் கொடுத்ததும் அந்த விளையாட்டு அறுந்துபோகும்.

எவ்வளவு நேரம்?

பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கடிகாரம் வைத்துப் பழக்குகிற விஷயம் இல்லை. ஆனாலும் ஒரு கைக்கணக்கு இருந்தால் நல்லது. மூன்று நான்கு மாதத்தில் பாயில் மல்லாக்கப் படுத்துத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஐந்து நிமிடம் போதும். விழித்திருக்கும்போது நம் கண் எதிரில் குப்புறவும் கொஞ்சம் கொஞ்ச நேரம் விடுங்கள். தவழும் வயதில் பத்து நிமிடம், சில நாள் கால் மணி. ஒன்றரை வயதில் ஒரு டப்பாவும் நான்கு மூடியும் இருந்தால் இருபது நிமிடம்கூட ஓடும், ஆனால் நடுநடுவே வந்து நம் மடியைத் தொட்டுவிட்டுப் போகும். அது தொந்தரவு இல்லை. ஆயா இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மூன்று வயதில் அரை மணி நேரம் தன் கதையைத் தானே பேசிக்கொண்டு விளையாடும். இந்த மாதிரி ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வந்தால் தாராளம். மற்ற நேரம் கதை, பாட்டு, மடி, தோட்டத்தில் காக்கா பார்ப்பது எல்லாம் நம்மோடுதான்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. அம்மாவும் போய்விட்டார், எதிரில் இருப்பது தெரியாத முகம். அந்தப் பிள்ளையைத் தரையில் விட்டு "விளையாடு" என்றால் எப்படி விளையாடும்? முதல் இரண்டு மூன்று வாரம் தூக்குங்கள், மடியில் வையுங்கள், பயப்படாமல் நெருங்கட்டும். உடம்பு சரியில்லாத நாளிலும், பல் முளைக்கும் போதும், வீட்டில் தம்பி தங்கை பிறந்திருக்கும் போதும் அப்படித்தான். அந்த நாட்களில், "பழக்கம் கெட்டுடும், தூக்காதீங்க" என்று வீட்டில் சொன்னாலும் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

கீழே விடும்போது நீங்களும் கீழே உட்காருங்கள். பூத்தொடுப்பது, துணி மடிப்பது, கீரை ஆய்வது போலக் கண்ணை வாங்காத வேலை ஒன்று கையில் இருக்கட்டும். நாம் சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை நம்மையே பார்க்கும். நாம் ஒரு வேலையில் இருந்தால் அதுவும் ஒரு வேலை தேடும். எழுந்து போக வேண்டி வந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். கண்ணை ஏமாற்றி நழுவினால் அடுத்த தடவை அது விளையாடாது, நம் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும்.

விளையாட்டுச் சாமானுக்குப் பணம் வேண்டாம். பேட்டரி போட்டால் தானே ஆடிப் பாடும் பொம்மையைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும், அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வேலுடையான்பட்டு பங்குனி உத்திரத் திருவிழாக் கடையில் வாங்கும் சொப்புச் சாமான், மரப்பாச்சி, கிலுகிலுப்பை, பழைய டிபன் டப்பா, துணிப் பந்து, முறம் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள், மூன்று நான்கு சாமான் போதும். மற்றதை எடுத்து வைத்து நான்கு நாள் கழித்துக் கொடுத்தால் புதுசு போலப் பார்க்கும்.

வாக்கர் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையை உள்ளே உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வண்டியைத்தான் சொல்கிறேன். அது நடக்கக் கற்றுக்கொடுக்கிறது என்று பல வீட்டில் நம்புகிறார்கள். உண்மையில் அது நடையைக் கற்றுத் தருவதில்லை. படியில் கவிழ்ந்தும் அடுப்புப் பக்கம் சட்டென்று போயும் பிள்ளைகள் காயப்பட்டதால் கனடா நாட்டில் 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். நம் நடைவண்டி வேறு. நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைப் பிடித்துத் தள்ள முடியும். காலில் பலம் வராமல் அது நகராது.

தனியாக என்றால் கண் மறைவாக என்று அர்த்தம் இல்லை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை தானாக விளையாடலாம். ஆனால் நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் விளையாடக் கூடாது. ஒன்றிரண்டு வயதுப் பிள்ளை என்றால் நாலு எட்டில் போய்ப் பிடிக்கும் தூரம்.

முதலில் தண்ணீர். தண்ணி வரும் நேரத்தில் பக்கெட், டிரம், அண்டா எல்லாம் நிரப்பி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கைக்குழந்தைக்கும் தவழும் பிள்ளைக்கும் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டில் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அதனால் திரும்ப எழ முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும், ஒன்றிரண்டு நிமிடம் போதும். சினிமாவில் காட்டுவது போலக் கத்தாது, கை அடிக்காது, சத்தமே வராது. அதனால் பாத்ரூம் கதவு எப்போதும் வெளியில் தாழ்ப்பாள் போட்டிருக்கட்டும், பக்கெட் கவிழ்த்திருக்கட்டும், டிரம்முக்கு மூடி இருக்கட்டும். பிள்ளை இருக்கும் இடத்தில் சத்தம் நின்றுவிட்டால் உடனே எழுந்து பாருங்கள்.

தோட்டம் நம் டவுன்ஷிப்பின் வரம். அந்தப் பலாவும் மாவும் நிழலும் பட்டணத்துப் பிள்ளைக்குக் கிடைக்காது. செம்மண்ணில் பிள்ளை விளையாடினால் துணி சிவக்கும், சோப்புப் போட்டுக் கை கால் கழுவினால் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது வேறு. முந்திரி சீசனில் பச்சைக் கொட்டை கீழே கிடக்கும். அதன் ஓட்டில் இருக்கும் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்பது முந்திரி உடைத்த நம் கைகளுக்குத் தெரியும். பிள்ளை அதை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அரளி, அதிலும் மஞ்சள் அரளியின் காய், உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று கையில் கொடுக்காதீர்கள், அதுவும் விஷம். சருகு குவிந்த மூலையில் பாம்பு, தேள் இருக்கலாம். பிள்ளையை விடுவதற்கு முன் நாம் ஒரு நடை நடந்து, ஒரு சதுரம் பெருக்கி, அங்கே பாய் போட்டு உட்கார்ந்தால் போதும். கேட் கொண்டி போட்டிருக்கிறதா என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் நிலக்கடலை, புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பட்டன் போல இருக்கும் சின்ன பேட்டரி, இவை தரையில் கிடக்கக் கூடாது. பேட்டரியை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக இருந்தாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொண்டையில் ஏதாவது அடைத்து, இருமவும் முடியாமல், அழவும் முடியாமல் திணறினால் விரலை விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குள் என்றால் நம் முன்கையில் குப்புறப் போட்டுத் தலை தாழ்வாக வைத்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். வரவில்லை என்றால் திருப்பி, நெஞ்செலும்பின் மேல் ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், யாரையாவது 108க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். இதைப் படித்துக் கற்றுக்கொள்வது போதாது. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் யாரையாவது குழுக் கூட்டத்துக்கு அழைத்து ஒரு பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம் வேலைப் பிரச்சினையும் வருகிறது. பல வீடுகளில் பிள்ளை பார்க்க என்று சேர்த்துக்கொண்டு, பிறகு "கொஞ்சம் சாதம் வெச்சிடுங்க, கொஞ்சம் பாத்திரம் தேச்சிடுங்க" என்று ஆகிவிடுகிறது. அடுப்படியில் தாளித்துக்கொண்டே முன் அறையில் விளையாடும் பிள்ளையைப் பார்க்க யாராலும் முடியாது. சமையல் பிள்ளை தூங்கும் நேரத்தில் மட்டும்தான் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. "அம்மா, ரெண்டு வேலையும் செய்வேன், ஆனா ஒரே நேரத்துல செய்ய மாட்டேன்" என்று நம் சகோதரி ஒருவர் சேரும் நாளிலேயே சொன்னாராம். அந்த வீட்டில் கோபப்படவில்லை, சமையலுக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும்.

செல்போன் விஷயத்தில் நமக்கு ஆதரவாக உலக சுகாதார நிறுவனமே பேசுகிறது. 2019இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது ஆகும் வரை பிள்ளையை டிவி, செல்போன் முன் உட்கார வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டில் இருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மொத்தம் 3 மணி நேரமாவது ஓடி ஆடி அசைய வேண்டும், தள்ளுவண்டியிலோ முதுகிலோ ஒரே மூச்சில் ஒரு மணிக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் வீட்டில் செல்போன்தான் வழி என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தைத் தோட்டத்து நிழலுக்கு வைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, பிறகு தூங்கும் அறைக்குத் தள்ளி இருக்கும் வராந்தாவில் துணிப் பந்து, மெத்தென்ற சாமான் கொடுக்கலாம். எவர்சில்வர் சாமானை அப்பா எழுந்த பிறகு எடுக்கலாம்.

தானாக விளையாடும் பிள்ளை விழும், முட்டி சிராய்க்கும். அதைச் சாயங்காலம் அம்மா கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும். எந்த இடத்தில், எப்படி, என்ன மருந்து போட்டோம் என்று சொன்னால் பெரும்பாலும் சண்டை வராது. மறைத்தால்தான் நம்பிக்கை போகும். நம் குழுவில் தீர்மான நோட்டு வைக்கிறோமே, அது மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் அந்த அம்மாவே எழுதிக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருந்தோம் என்ற பேச்சுக்கும் அதிலேயே பதில் இருக்கும். பிள்ளை பார்ப்பதும் வீட்டு வேலைதான் என்பதால், 2007இல் அமைத்த தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாத சகோதரிகள் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதுவது இப்படி இருந்தால் போதும்:

"காலை 9.30. இட்லி 2. பிறகு பாயில் டப்பா மூடி வைத்து 20 நிமிடம் தானாக விளையாடினான். நடுவில் 3 தடவை என்னிடம் வந்தான். 11 மணி தூக்கம். மதியம் தோட்டத்தில் கல் தடுக்கி விழுந்தான், இடது முட்டியில் லேசாகச் சிராய்ப்பு, தண்ணீரில் கழுவினேன், உடனே அழுகை நின்றது. இன்று முதல் தடவையாக எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றான்."